மீசையய்யா பேசப்போகிறார்

பொம்மைத் தலையை மாட்டிக்கொண்டுவிட்டால் அவர் வாயைத் திறக்கமாட்டார். இருமல் வந்தால் அடக்கிக்கொள்வார். தாகம் எடுத்தால் எடுத்ததுதான். சித்திரை வெயிலில் காரைக்குடிச் சந்தையில் மயக்கம் வந்து, வேனில் சாய்ந்து அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்தபோதுகூட ஒரு முனகல் வரவில்லை. பொம்மை களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டது என்று ஜனங்கள் கைதட்டினார்கள். நான்தான் இழுத்து வேனுக்குள் போட்டுக் கதவைச் சாத்தித் தலையைக் கழற்றினேன். கண் செருகியிருந்தது. முகத்தில் தண்ணீர் அடித்ததும் விழித்து, முதலில் என்னிடம் கேட்டது இதுதான்: "ஏதும் சத்தம் விட்டேனா தம்பி?"

எழுபதுகளின் நடுவில், சென்னைக்கு டெலிவிஷன் வந்த புதிதில், நான் ஒரு டீத்தூள் கம்பெனியின் விளம்பர வேனை ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரி, போடிப் பக்கம் ஏலக்காய் லாரியில் கிளீனராக இருந்து, ஒரு சர்க்கஸ் கூடாரத்துக்கு முளை அடித்து, எங்கும் ஒரு வருஷம் தரித்ததில்லை. காரைக்குடிக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தேன். வேனுக்கு இரண்டு பேர். ஓட்டுவதும் மைக்கில் கத்துவதும் நான். பொம்மைத் தலையை மாட்டிக்கொண்டு இறங்கி நிற்பது அவர்.

அந்தத் தலை காகிதக்கூழில் செய்தது. கல்யாண அண்டா அளவு இருக்கும். சிவப்புத் தலைப்பாகை, உருட்டு விழி, காதுவரை முறுக்கிய மீசை. சிரிக்கிற வாய்க்குள் கறுப்பு வலை கட்டியிருந்தது. அந்த வலை வழியாகத்தான் அவர் பார்க்கவேண்டும், மூச்சும் விடவேண்டும். கையில் ஆள் உயரத்துக்கு ஒரு தகரக் கரண்டி. கலப்படம் அண்டவிடாமல் டீத்தூளைக் காவல் காக்கிறவனாம். சென்னையில் யாரோ படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கிய உருவம். 'மீசைக்காரன்' என்று பெயர் வைத்து அனுப்பியிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கண்மாய்க்கரை தோறும் முறுக்கு மீசையும் உருட்டு விழியுமாகக் காவல் தெய்வம் நிற்கிற சீமை அது. தூரத்தில் இருந்து பார்த்தால் அந்தத் தகரக் கரண்டி அரிவாளைப் போலவே மின்னும். மீசைக்காரன் என்று ஒருமையில் சொல்ல யாருக்கும் நாக்கு வரவில்லை. மீசையய்யா ஆகிவிட்டார்.

பேசக்கூடாது என்பது கம்பெனியின் உத்தரவு. சென்னையில் இருந்து வந்த அதிகாரி, இஸ்திரி மடிப்புக் கலையாத ஒரு இளைஞர், டீத்தூள் பெட்டி அடுக்கிய கிட்டங்கியில் எங்களை நிறுத்தி விளக்கினார். இந்தப் பொம்மை முதல்முதலாக வாய் திறக்கப்போவது டெலிவிஷனில். அதற்காகப் பெரிய செலவில் ஒரு படம் எடுக்கப்போகிறார்கள். அதுவரை தமிழ்நாட்டில் எந்த மூலையிலும் அது ஒரு வார்த்தை பேசிவிடக்கூடாது. பேசிவிட்டால் அத்தனையும் வீண். சுவரெல்லாம் அதன் முகத்தைப் போட்டு, கீழே 'எப்போது பேசுவான்?' என்று மட்டும் ஒட்டியிருந்தார்கள். என்ன டீ, என்ன விலை என்றுகூட அதில் கிடையாது. காரைக்குடியில் ஒரு டெலிவிஷன் பெட்டிகூடக் கிடையாதே என்று நான் கேட்டேன். இங்கே சினிமாக் கொட்டகையில் காட்டிக்கொள்ளலாம் என்றார்.

போகும்போது அதிகாரி அவர் தோளில் தட்டி, "உங்க உடம்பு வாகு நல்லா இருக்கு. படத்துக்கும் உங்களையே கூப்பிட்டுக்கலாம்னு இருக்கோம்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு தையற்காரரை விட்டு அளவும் எடுத்தார்கள். எத்தனை ஜில்லாவில் எத்தனை பேருக்கு அப்படி அளவு எடுத்தார்களோ, தெரியாது. அவர் அதை நம்பினார்.

நம்பியதற்குக் காரணம் இருந்தது. கோட்டையூரில் தச்சு வேலைக் குடும்பம் அவருடையது. இருபது வயதில் ரம்பத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் போய்விட்டன. பிறகு உளி பிடிக்க முடியாமல் மரக்கடையில் கட்டை தூக்கினார். உறவில் விசேஷம் என்றால் பந்தியில் கடைசியாக உட்காருவார். இடது கையை வேட்டிக்குள் செருகிக்கொண்டுதான் நிற்பார். பொம்மை உடுப்பில் வெள்ளைக் கையுறை உண்டு. இல்லாத இரண்டு விரல்களுக்கும் பஞ்சு அடைத்துக்கொண்டு அதை மாட்டினால் பத்து விரலும் இருக்கும். மாட்டியதும் இரண்டு கையையும் விரித்து ஒருமுறை பார்ப்பார். அந்தக் கையோடு சென்னைக்குப் போய்ப் படத்தில் நிற்கப்போகிறோம் என்பதை அவர் மனைவியிடம் சொல்லி, மனைவி வேலை பார்த்த செட்டியார் வீட்டு ஆச்சிவரைக்கும் செய்தி போய்விட்டது. ஆச்சி ஒருநாள் வாசலில் நின்று, "என்னப்பா, ஊரு உலகமெல்லாம் பாக்கப்போற படத்துல ஒம் மூஞ்சி தெரியாதாமுல்ல. பெறகு நீ போனா என்ன, ஒரு மூட்டை போனா என்ன?" என்று கேட்டார்களாம். அவர் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "தெரியாம இருக்கிறதுதான் தம்பி நல்லது" என்றும் சொன்னார்.

பேசவைத்துப் பார்க்கவேண்டும் என்று எல்லா ஊரிலும் நாலு பேர் கிளம்புவார்கள். கிச்சுகிச்சு மூட்டுவார்கள், வேட்டியை இழுப்பார்கள். தேவகோட்டை சாலையில் ஒரு சுமைகூலிக்காரன் பந்தயம் கட்டி, கருவேல முள்ளை எடுத்துத் தொடையில் ஏற்றினான். நான் வேனில் இருந்து இறங்கி அவன் சட்டையைப் பிடிப்பதற்குள் பாதி முள் உள்ளே போய்விட்டது. அவர் அசையவில்லை. வேட்டியில் ரத்தம் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பரவியதும் சுமைகூலிக்காரன் முகம் செத்துப்போய், கும்பிட்டுவிட்டு ஓடினான். வேனில் உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கும்போது, "ஒரு சத்தம் போட்டிருந்தா அவன் நிறுத்தியிருப்பான்ல," என்றேன். "பொம்மைக்கு வலிக்காதுல்ல," என்றார்.

அதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, ஆத்தங்குடிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் குளவி நுழையும்வரை.

வேப்பமரத்தடியில் வேனை நிறுத்தியிருந்தேன். நான் மைக்கில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் தலை லேசாக ஆட ஆரம்பித்தது. பிறகு பலமாக ஆடியது. உடம்பு முறுக்கியது. கரண்டி தரையில் டங்கென்று விழுந்தது. வலை வழியாக உள்ளே போன குளவி நெற்றியிலும் கன்னத்திலும் கொட்டிக்கொண்டிருந்தது என்று பிறகுதான் எனக்குத் தெரியும். ஜனங்களுக்கு வேறு விதமாகத் தெரிந்துவிட்டது. இத்தனை நாள் ஆடாமல் நின்ற மீசையய்யா ஆடுகிறார். சத்தமே இல்லாமல் ஆடுகிறார். ஒரு கிழவி குலவை போட்டாள். எல்லாப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி குடத்துத் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து அவர் காலில் ஊற்றினாள். கடைக்காரர் தட்டில் சூடம் ஏற்றிக்கொண்டு ஓடிவந்தார்.

அவர்களை முட்டாள்கள் என்று நினைக்கக்கூடாது. அது காகிதத் தலை, உள்ளே ஒரு ஆள் நிற்கிறார் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் மைக்கில் சொல்லவும் சொன்னேன். "இது டீத்தூள் பொம்மைதான், உள்ள ஒரு ஆளுதான் இருக்கிறார்" என்று. கூட்டத்தில் இருந்து ஒருவர் நிதானமாகப் பதில் சொன்னார்: "ஆளு மேலதானப்பா சாமி எறங்கும். கல்லு மேலயா எறங்கும்?" நான் மைக்கை அணைத்தேன்.

வேனுக்குள் வந்து தலையைக் கழற்றியபோது ஒரு கண் மூடி, உதடு தொங்கி, முகம் பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது. சுண்ணாம்பு தடவிவிட்டேன். இரண்டு நாள் கஞ்சி மட்டும் குடித்தார்.

அதன்பின் வேன் போகிற ஊர்களில் எங்களுக்கு முன்பே கூட்டம் நிற்கும். டீத்தூள் அமோகமாக விற்றது. இலவசமாகக் கொடுக்கிற சிறு பொட்டலத்தை யாரும் பிரிக்கவே இல்லை. மீசையய்யா முகம் அச்சடித்த அந்தப் பொட்டலத்தை மஞ்சள் கயிற்றில் கோத்துப் பிள்ளைகளின் கையில் தாயத்தாகக் கட்டினார்கள். மாட்டுக் கொம்பில் கட்டினார்கள். கம்பெனியின் காரைக்குடி ஏஜெண்டுக்கு ஏகக் குஷி. சென்னைக்கு எழுதிப்போட்டார். அப்படியே நடக்கட்டும், பேசமட்டும் வேண்டாம் என்று பதில் வந்தது.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் கல்லல் ரயில் கேட்டில் நிற்கும்போது, இப்படி ஊரை ஏமாற்றுவது பாவமில்லையா அண்ணே என்று கேட்டேன். மடியில் கிடந்த தலையின் மீசையில் பிசிறு எழும்பியிருந்தது. அதைப் பசை வைத்து ஒட்டிக்கொண்டே சொன்னார்:

"நான் என்ன சொன்னேன் தம்பி? ஒண்ணும் சொல்லலையே. பேசுனாத்தானே பொய்யி."

அதை அவர் தந்திரமாகச் சொல்லவில்லை. அவருக்கு அது சுத்தமான கணக்காக இருந்தது. கம்பெனிக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், சென்னைக்குப் போகிற ஆசை ஒரு பக்கம். இரண்டுக்கும் அவர் போடவேண்டியது வாய்ப்பூட்டு ஒன்றுதான். கும்பிடுகிறவர்கள் கும்பிட்டுக்கொள்ளட்டும், அவர் பாட்டுக்கு நிற்பார். தலையைக் கழற்றிய பிறகு அவரைவிடச் சாதாரணமான ஆளைப் பார்க்க முடியாது. டீக்கடையில் டம்ளர் சுத்தமில்லை என்று சண்டை போடுவார், நான் கியர் மாற்றுவதைக் குறை சொல்லுவார். அவர் டீயே குடிக்கமாட்டார் என்பதும் எனக்கு மட்டுமே தெரியும். வயிறு எரிகிறதாம்.

நாட்டரசன்கோட்டைக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். பெயர் காளியம்மாள் என்று பக்கத்தில் நின்றவர்கள் கூப்பிட்டதில் தெரிந்துகொண்டேன். இருபத்தைந்து வயது இருக்கும். தோளில் மூன்று வயதுப் பையன். கழுத்து இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஓட்டைத் துருத்தி மாதிரி ஒரு சத்தம். நான் உப்பளத்தில் ஒரு பிள்ளையை அப்படிப் பார்த்திருக்கிறேன். தொண்டை அடைப்பான். கண்ட உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் பிழைக்கும். அந்தப் பிள்ளையை யாரும் கொண்டுபோகவில்லை.

மைக்கைக் கீழே வைத்துவிட்டு, வேனில் ஏறு தாயி, சிவகங்கை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. மூத்த பிள்ளையை அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்ப் பாயில் சுற்றிக் கொண்டுவந்தார்களாம். புருஷன் கேரளாவுக்கு மரம் அறுக்கப் போயிருக்கிறான். மாமியார் போகக்கூடாது என்கிறாள், தாய்வீட்டார் போ என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பொம்மைக்கு நேரே வந்து நின்றாள். அழவில்லை. வழி கேட்பவளைப் போலத்தான் கேட்டாள்.

"அய்யா, ஒங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. கொண்டுபோகவா, வேண்டாமா? நீங்க எதைச் சொன்னாலும் செய்யிறேன்."

பிள்ளையின் மூச்சு மட்டும் கேட்டது. நான் அவர் பக்கத்தில் போய், வலைக்கு அருகே வாயை வைத்து, "சொல்லுங்கண்ணே" என்றேன். உள்ளே அவருடைய மூச்சும் எனக்குக் கேட்டது.

அவர் கையைத் தூக்கினார். வெள்ளை உறை போட்ட கை. சிவகங்கைச் சாலையைக் காட்டினார், மேற்கே.

"கோயிலைக் காட்டுறாக," என்றார் ஒரு பெரியவர். மேற்கே, அதே சாலையில், கண்மாய்க்கரையில் அவர்கள் கருப்பர் கோயில் இருந்தது.

இல்லை என்று அவர் தலையை ஆட்டினார். அவ்வளவு பெரிய தலையை லேசாக ஆட்ட முடியாது. ஆட்டியதும் ஒரு குலவை எழுந்தது. இல்லை, இல்லை என்று மேலும் ஆட்டினார். எல்லாப் பெண்களும் குலவை போட்டார்கள். சாமி வந்துவிட்டது. நான் மைக்கை எடுத்து, ஆஸ்பத்திரியைத்தான் காட்டுகிறார், ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்று கத்தினேன். சாமி ஆடும்போது இடையில் பேசாதே என்று ஒருவர் வந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். காளியம்மாள் பிள்ளையைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, தலை தாழ்த்திக் கும்பிட்டு, கண்மாய்க்கரையைப் பார்த்து வேகமாக நடந்தாள். பின்னால் பாதி ஊர் போனது.

வேனில் ஏறியதும் அவரே தலையைக் கழற்றி ஒதுக்கி வைத்தார். நான் திட்டினேன். என்னென்ன சொன்னேன் என்பது நினைவில்லை. ஒரு வார்த்தைதானே என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அவர் இரண்டு கைகளையும் உறையோடு மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். கோட்டையூர் வந்ததும், "கைய காட்டுனேன்ல தம்பி," என்றார். எனக்கா அவருக்கா என்று தெரியாத குரலில் சொன்னார்.

அடுத்த நடை அந்த ஊருக்குப் போனபோது பெட்டிக்கடைக்காரர்தான் சொன்னார். கோயிலில் இருந்து வீட்டுக்குத் தூக்கிப் போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டதாம். அய்யாவே கோயிலைக் காட்டிவிட்டார், தன்கிட்டே வரச்சொல்லிக் கூட்டிக்கொண்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். ஒருவரும் குறை சொல்லவில்லை. கடைக்காரர் வழக்கத்தைவிட ஒரு பெட்டி கூடுதலாக வாங்கினார். வேனுக்குள் வந்து அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு உறையை மாட்டி, பஞ்சைச் சரிசெய்து, தலையை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கிப்போய் நின்றார். அன்றைக்கு நான் அவரைப் பார்த்துப் பயந்தேன்.

ஐப்பசியில் தீபாவளிக்கு முந்தி, 'மீசையய்யா பேசப்போகிறார்' என்று புதுச் சுவரொட்டி வந்தது. எங்கள் பக்கத்துக்கு மட்டும் அய்யா என்று மாற்றி அச்சடித்திருந்தார்கள். சென்னையில் டெலிவிஷனில் வருகிற அதே ஞாயிற்றுக்கிழமை, சிவகங்கையில் ஒரு கொட்டகையில் காலைக்காட்சியாக இலவசமாகக் காட்ட ஏற்பாடு. அவர் கம்பெனியின் கடிதத்துக்காகக் காத்திருந்தார். படம் எப்போது எடுப்பார்கள் தம்பி என்று என்னிடம் கேட்பார். படம் டப்பாவில் வந்து இறங்கிய அன்றுதான், அவர் இல்லாமலேயே எடுத்து முடித்துவிட்டார்கள் என்பது விளங்கியது. படத்தோடு வந்திருந்த அதிகாரியிடம் கேட்டதற்கு, அதற்கெல்லாம் நடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டு, பூமாலை வந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார்.

கிராமங்களில் இருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். குளித்து, திருநீறு பூசி, சிலர் கையில் தேங்காய் பழத்தட்டோடு. கொட்டகைக்குள் சூடம் கொளுத்தக்கூடாது என்று வாசலில் சண்டையே நடந்தது. நானும் அவரும் பெண்கள் பகுதிக்குப் பின்னால், தடுப்புக் கட்டையை ஒட்டி உட்கார்ந்தோம். வெறும் முகத்தோடு இருந்த அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எங்களுக்கு முன்வரிசையில் காளியம்மாள் இருந்தாள். அவள் ஏன் வந்தாள் என்பதை யாரும் எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவள் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். பதில் வரவில்லை. இப்போது வாய் திறக்கப்போகிறார்.

விளக்கு அணைந்தது. படம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஒருவன் சாய்வு நாற்காலியில் தூங்கி வழிகிறான். பீப்பீ என்று ஒரு இசை. ஒரு பெரிய டீ டம்ளருக்குள் இருந்து மீசையய்யா துள்ளி எழுகிறார். சென்னையில் செய்த புதுத் தலை, பஞ்சுபோல லேசானது, வாய் மூடித் திறக்கிறது. இடுப்பை ஆட்டி ஒரு சுற்றுச் சுற்றி, கரண்டியால் தூங்குகிறவன் தலையில் ஒரு தட்டு. பிறகு பேசினார். கிளிக்குரல். "அட தூங்குமூஞ்சி, எந்திரி! ஒரு டம்ளர் அடி!"

அவ்வளவுதான். திரை வெள்ளையானது. தரை டிக்கெட்டில் ஒரு விடலைப் பயல் களுக்கென்று சிரித்தான். அப்புறம் இன்னொருவன். அப்புறம் கொட்டகையே சிரித்தது. தேங்காய்த் தட்டு வைத்திருந்தவர்களும் சிரித்தார்கள். இன்னொரு தடவை போடு என்று விசில் அடித்தார்கள்.

காளியம்மாள் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள். தடுப்புக் கட்டைக்கு இந்தப் பக்கம் எங்களுக்கும் கேட்டது.

"அவுகளுக்குப் பேச வருமாக்கும்."

நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இனிமேல் பொம்மை சந்தைகளில் அந்த வசனத்தை அதே கிளிக்குரலில் சொல்லவேண்டும் என்று உத்தரவு வந்தது. அவருக்குக் குரல் வரவில்லை என்று தேவகோட்டையில் இருந்து ஒரு நாடகக்காரரைப் போட்டார்கள். அந்த ஆள் நன்றாகப் பேசினார், வாய் ஓயாமல் பேசினார். ஜனங்கள் சிரித்தார்கள். பிள்ளைகளின் கையில் இருந்த தாயத்துகள் தானாகவே காணாமல் போயின. டீத்தூள் எப்போதும்போல விற்றது. அவர் மறுபடி மரக்கடைக்குக் கட்டை தூக்கப் போனார். பொங்கலுக்குள் நான் அந்த வேலையை விட்டுவிட்டு ஹொசப்பேட்டைப் பக்கம் அணை வேலைக்குப் போய்விட்டேன். பிறகு அவரைப் பார்க்கவில்லை.

ஆனால் கொட்டகையில் படம் காட்டிய மறுநாள், வேலையை விட்டு நிறுத்துவதற்கு முன், அவர் வேனை நாட்டரசன்கோட்டைக்கு அந்தப் பக்கம் விடச் சொன்னார். வெளுத்த சட்டை போட்டிருந்தார். தலையை வேனிலேயே விட்டுவிட்டு இறங்கினார். உறையும் போடவில்லை. காளியம்மாள் வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, வேன்காரர் என்று அடையாளம் தெரிந்து எழுந்தாள். நான் ஒதுங்கி நின்றுகொண்டேன்.

"அந்தத் தலைக்குள்ள நின்னது நான்தான் ஆத்தா," என்றார்.

அவள் அவருடைய முகத்தை, பிறகு கையைப் பார்த்தாள். அவர் கையை மறைக்கவில்லை.

"உள்ள ஒரு ஆளு இருந்தாகன்னு தெரியும்," என்றாள்.

"சாமியெல்லாம் வரலை. எனக்கு எல்லாம் கேட்டுச்சு. நீ கேட்டது கேட்டுச்சு, பிள்ளை இழுத்தது கேட்டுச்சு. பேசக் கூடாதுன்னு கம்பெனிக்காரக சொல்லியிருந்தாக. பேசுனா மெட்ராசுக்குக் கூட்டிக்கிட்டுப் போகமாட்டாகன்னு பேசலை."

அவள் முந்தானையில் புளிக்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நெடுநேரம் துடைத்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். ஊரைக் கூட்டுவாள் என்றும் நினைத்து வேனின் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டேன். சத்தம் போடாமல் கேட்டாள்:

"கூட்டிக்கிட்டுப் போனாகளா?"

"இல்லை."

"பேசியிருந்தா என்ன சொல்லியிருப்பீக?"

அவர் கையைத் தூக்கப்போய்ப் பாதியில் இறக்கினார்.

"அதை இப்பச் சொல்லுங்க," என்றாள். "அன்னைக்குக் கேட்ட மாதிரியே கேக்குறேன். கொண்டுபோகவா, வேண்டாமா?"

அவருக்கு உதடு அசைந்தது, குரல் எழவில்லை. அவள் காத்துக்கொண்டு நின்றாள். அவசரப்படுத்தவில்லை. ஒரு தடவை கனைத்து, மறுபடி முயன்று, கடைசியில் சொன்னார்.

"ஆசுபத்திரிக்குக் கொண்டு போ தாயி. இப்பவே கொண்டு போ."

அவள் தலையைக் குனிந்து கேட்டாள். அந்தச் சொல் முழுவதும் உள்ளே இறங்கும்வரை அப்படியே நின்றாள். பிறகு, "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, மீதிப் புளியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.